தெருமுனைக் கட்டடத்துக்கும் ஒரு பட்டியல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் லண்டன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிக் பென், டவர் பிரிட்ஜ், அரண்மனை வாசலில் சிப்பாய்கள் பாரா மாறுவது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இங்கிலாந்து போய்வந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போன நான் தங்கியது லண்டனில் அல்ல. லெஸ்டர்ஷைரில் மார்க்கெட் ஹார்பரோ என்று ஒரு சின்ன ஊர். சுற்றுலாக்காரர்கள் யாரும் தேடி வரும் ஊர் இல்லை. பேத்தியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு அந்த ஊரின் தெருக்களைத்தான் தினமும் சுற்றினேன். பிள்ளை தூங்கும், நான் கட்டடங்களைப் பார்ப்பேன். அங்கே பார்த்ததை வைத்து நம் பெங்களூர் கன்டோன்மென்ட் பகுதித் தமிழர்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள். கடைசியில் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அந்த ஊரின் நடுவில், தேவாலயத்தை ஒட்டி, மரக்கால்களின் மேல் நிற்கிற ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. 1614இல் கட்டிய பள்ளிக்கூடம். மாடியில் வகுப்பு நடந்த அறை. கீழே சுவரே கிடையாது, தூண்கள் மட்டும்தான். கட்டிக்கொடுத்த ராபர்ட் ஸ்மித் அந்த ஊர்க்காரர். லண்டனுக்குப் பிழைக்கப் போய், அங்கே மாநகராட்சியின் வரவுசெலவைப் பார்க்கும் பெரிய பதவிக்கு வந்தவர். பிள்ளைகள் மேலே படிக்கட்டும், சந்தைக்கு வெண்ணெய் விற்க வருகிறவர்கள் கீழே நனையாமல் நிற்கட்டும் என்று ஒரே கட்டடத்துக்கு இரண்டு வேலை கொடுத்திருக்கிறார். மரச்சட்டங்களில் பைபிள் வாசகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தள்ளுவண்டியோடு நானும் அதன் அடியில்தான் ஒதுங்கினேன். காய்கறிப் பையோடு இரண்டு கிழவிகள், ஒரு தபால்காரர், அப்புறம் நாங்கள். எதற்காகக் கட்டினார்களோ அந்த வேலையை 400 வருஷம் கழித்தும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த மாடி அறைப் பள்ளியில் படித்தவர்களில் வில்லியம் ஹென்றி பிராக் ஒருவர். எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பைக் கண்டறிந்ததற்காக, 1915இல் தன் மகனோடு சேர்ந்து இயற்பியல் நோபல் பரிசு வாங்கியவர். நமக்கும் ஒரு சர் சி.வி. ராமன் இருக்கிறார்; மல்லேஸ்வரத்தில் அவருடைய ‘பஞ்சவடி’ வீடு பத்திரமாக இருக்கிறது. ஆக, நோபல் பரிசு வாங்கினால் பெங்களூரிலும் வீடு தப்பிக்கும். வாங்காதவர்கள் வீட்டைப் பற்றித்தான் எனக்குக் கேள்வி.

பக்கத்திலேயே செயின்ட் டயனீசியஸ் தேவாலயம். நம் ஊர்க் கண்ணுக்கு அது பழகின காட்சிதான். அல்சூர் சோமேஸ்வரர் கோயிலைக் கடைத்தெரு நெருக்கிக்கொண்டு நிற்பதுபோல, அங்கேயும் மதில் இல்லாமல், கல்லறைத் தோட்டம் இல்லாமல், கூர்கோபுரம் கடைவீதியின் தரையிலிருந்தே எழும்புகிறது. இறந்தவர்களை வேறொரு பழைய தேவாலயத்தின் நிலத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1645இல், அந்த நாட்டு உள்நாட்டுப் போரில், பக்கத்து நேஸ்பியில் மன்னர் படை தோற்றபோது பிடிபட்டவர்களை இந்தத் தேவாலயத்துக்குள்தான் அடைத்து வைத்தார்களாம்.

ஆனால் என்னை நின்று பார்க்கவைத்தது தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய செங்கல் கட்டடம். 1889இல் கட்டிய தொழிற்சாலை. சைமிங்டன் கம்பெனி என்று பெயர். பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொள்ளும் கார்செட் என்ற உள்ளாடையைத் தைத்து ஊர் ஊராக அனுப்பிய இடம். அதே கம்பெனிதான் 1908இல் இறுக்காத, மெத்தென்ற ‘லிபர்ட்டி பாடிஸ்’ என்கிற உள்சட்டையையும் கொண்டுவந்தது. பெண்ணை இறுக்கியும் காசு, அவிழ்த்துவிட்டும் காசு.

நான் ஐ.டி.ஐ. என்கிற இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸில் டெலிபோன் டயல் பூட்டும் வரிசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். தூரவாணி நகரில் 1948இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில் எங்களைப் போல எத்தனையோ தமிழ்ப் பெண்கள் வேலை பார்த்தோம். கண் போகிற வேலை. அதனால் எந்தத் தொழிற்சாலையைப் பார்த்தாலும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பேன். அந்தக் கட்டடத்தில் வரிசை வரிசையாக ஜன்னல். தைக்கிறவளுக்கு வெளிச்சம் வேண்டும் என்று தெரிந்தவன் கட்டியிருக்கிறான். கார்செட்டுக்கு மவுசு போன பிறகு இடித்துவிட்டு மனை போட்டிருக்கலாம். ஊரின் நடு மையத்தில் இருக்கிற நிலம். செய்யவில்லை. இன்றைக்கு அதற்குள் மாவட்ட மன்ற அலுவலகம், நூலகம், ஒரு அருங்காட்சியகம் மூன்றும் இருக்கின்றன. வரி கட்டுவதற்கும் கதைப் புத்தகம் எடுப்பதற்கும் ஊர்ச்சனம் பழைய தையல் ஆலைக்குள்தான் போகிறது. என் பேத்திக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த வயதில் அங்கே நூலக அட்டை போட்டாயிற்று. அருங்காட்சியகத்தில் அந்தக் கார்செட்டுகளையே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இங்கே 1884இல் தொடங்கிய பின்னி மில்லை நினைத்துக்கொண்டேன். எத்தனை குடும்பம் அந்தச் சங்கு ஊதினதைக் கேட்டு எழுந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கும். இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடியும் மாலும்.

தாமஸ் குக் பயணக் கம்பெனியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த தாமஸ் குக் மரம் கடைகிற வேலை செய்துகொண்டு குடியிருந்ததும் இந்த ஊரில்தான். 1841இல் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக இங்கிருந்து லெஸ்டருக்கு நடந்து போகும் வழியில்தான், கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கென்று தனி ரயில் ஏற்பாடு செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். அந்த ஜூலையிலேயே ஏறக்குறைய 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குக் கூட்டிப்போனார். உலகத்தின் சுற்றுலா வியாபாரத்துக்கு வித்துப் போட்ட ஊருக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை என்பதுதான் வேடிக்கை.

இவை எல்லாம் வெள்ளைக்காரனுக்கு நல்ல புத்தி இருப்பதால் தானாக நிற்கின்றன என்று நினைக்க வேண்டாம். சட்டம் நிறுத்தி வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து ஊர் ஊராகக் கட்டடங்கள் போன பிறகு, எதை இடிக்கலாம், எதை இடிக்கக்கூடாது என்ற கேள்வி வந்தது. 1947இல் நகரமைப்புச் சட்டம் ஒன்று போட்டு, நாடு முழுக்கப் பட்டியல் எடுக்க ஆரம்பித்தார்கள். இன்று இங்கிலாந்துக்கு மட்டும் அந்தப் பட்டியலில் ஏறத்தாழ 4 லட்சம் பதிவுகள். கட்டடங்களுக்கு மூன்று தரம் வைத்திருக்கிறார்கள்: முதல் தரம், நட்சத்திரக் குறி போட்ட இரண்டாம் தரம், வெறும் இரண்டாம் தரம். நான் சொன்ன மரக்கால் பள்ளிக்கூடம் முதல் தரம். ஆனால் பத்தில் ஒன்பதுக்கு மேல் கடைசித் தரமான அந்த வெறும் இரண்டாம் தரம்தான். அந்தக் கடைசித் தரத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதில் அரண்மனை இல்லை. வரிசை வீடுகள், கடை முகப்புகள், ஓடைப் பாலம், மைல்கல், குதிரைக்குத் தண்ணீர் வைத்த கல்தொட்டி, எவனோ ஒருவனின் கல்லறைக்கல், தபால் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் எந்தத் தெரு, எந்தக் காலத்தது, எந்தக் கல், கூரை என்ன, ஜன்னல் எப்படி என்று ஒரு குறிப்பு. 1700க்கு முன் கட்டி, பெரிய மாற்றமில்லாமல் இருந்தால் அநேகமாகப் பட்டியலில் ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் ஒரு கட்டடத்தைச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். பொறியாளராகவோ பேராசிரியராகவோ இருக்க வேண்டியதில்லை.

இதில் சிரமப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். மகள் வீட்டுக்கு எதிரில் ஒரு பட்டியல் வீடு. அதில் குடியிருக்கும் பெரியவர் எங்களைக் கண்டாலே புலம்பல்தான். பழைய மரச்சட்ட ஜன்னல், ஒற்றைக் கண்ணாடி, பனிக்காலத்தில் காற்று உள்ளே வருகிறது, இரட்டைக் கண்ணாடி போட அனுமதி கேட்டு மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். “பேசாம இடிச்சிட்டுப் புதுசா கட்டிக்கலாமே” என்று மகளிடம் தமிழில்தான் சொன்னேன். “அம்மா, மெதுவாப் பேசு. அனுமதி இல்லாம கை வெச்சா கிரிமினல் கேஸ்” என்றாள், அவருக்குத் தமிழ் புரியும் என்பதுபோல. இந்த அளவுக்குக் கெடுபிடி நம் ஊருக்கு வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

அங்கேயும் எல்லாம் நிற்பதில்லை. சின்ன ஊர்களில் வங்கிக் கிளைகள் மூடுகின்றன, மதுக்கடைகள் மூடுகின்றன. அந்தப் ‘பப்’ என்பது அவர்களுக்குக் குடிக்கிற இடம் மட்டுமில்லை, ஊர்த் திண்ணை மாதிரி. அதற்காக 2011இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஊருக்குப் பயன்படும் கட்டடம் என்று ஜனங்கள் பதிந்து வைத்திருந்தால், உரிமையாளர் அதை விற்க நினைக்கும்போது, வாங்குவதற்குப் பணம் திரட்ட ஊருக்கு ஆறு மாதம் அவகாசம் கிடைக்கும்.

டெலிபோன் செய்தவளாக இருந்துகொண்டு சிவப்பு டெலிபோன் கூண்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1935இல் அந்த நாட்டு ராஜாவின் வெள்ளிவிழாவுக்காக கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. லிவர்பூலின் பெரிய தேவாலயத்தையும் லண்டனின் பேட்டர்சி மின்நிலையத்தையும் வடிவமைத்த அதே ஆள்தான். வார்ப்பிரும்பு, எடை முக்கால் டன் வரும். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு யாருக்கும் அது தேவைப்படவில்லை. அப்போது டெலிபோன் கம்பெனி, வேண்டுமென்கிற ஊர் மன்றம் ஒரு பவுண்டு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. இன்று சில ஊர்களில் அதற்குள் புத்தக அலமாரி வைத்திருக்கிறார்கள். சில ஊர்களில் மாரடைப்பு வந்தவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி மாட்டியிருக்கிறார்கள். 2,000க்கும் மேற்பட்ட கூண்டுகள் பட்டியலில் ஏறிவிட்டன. நம் ஊரில் மஞ்சள் எழுத்து எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு இருந்தனவே. எத்தனையோ மாற்றுத் திறனாளிகளுக்கு அது சோறு போட்டது. மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்ததும், அம்மா போய்ச் சேர்ந்ததும் நமக்கு அந்தக் கூண்டுக்குள்தான் தெரியவந்தது. ஒன்றையாவது யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா?

இப்போது நம் பக்கத்துக்கு வருகிறேன். கன்டோன்மென்ட் 1809இல் ஏற்பட்டது. மெட்ராஸ் படையோடு வந்தவர்கள், அந்தப் படைக்குக் கல் உடைத்தவர்கள், சுவர் எழுப்பியவர்கள், துணி வெளுத்தவர்கள், கணக்கு எழுதியவர்கள் என்று நம் ஆட்கள் இங்கே குடியேறின கதையை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. கப்பன் பூங்கா ஓரத்தில் சிவப்பாக நிற்கும் உயர்நீதிமன்றம், அதுதான் அட்டாரா கச்சேரி, 1868இல் கட்டி முடிந்தது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். ஆர்.பி.ஏ.என்.எம். பள்ளிக்கூடங்கள் அவர் 1873இல் தொடங்கி வைத்த தருமத்தில் வளர்ந்தவை. 1980களில் அந்தக் கச்சேரியையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று யோசனை வந்தது. ஊர்க்காரர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய நீதிமன்றத்திலேயே அந்தக் கட்டடத்துக்காக வழக்கு! நல்லவேளை, நிற்கிறது.

பெரிய கட்டடத்துக்கு வக்கீல் கிடைப்பார். சின்னதுக்கு?

பிரேசர் டவுனில் ஸ்டீபன்ஸ் ரோடு என்று ஒன்று இருக்கிறது. அந்த ஸ்டீபன்ஸ், நகராட்சியின் பொறியாளர். 1898இல் பெங்களூரில் பிளேக் நோய் வந்து ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே இந்த ஊரில் அம்மன் கோயில்கள் இருக்கின்றன என்றால் அந்தப் பயம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும். அதற்குப் பிறகுதான் இருட்டுச் சந்துகளில் நெருக்கியடித்துக் கிடந்தவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள புதுப் பேட்டைகள் வேண்டும் என்று மல்லேஸ்வரம், பசவனகுடி, இந்தப் பக்கம் பிரேசர் டவுன் எல்லாம் உருவாயின. பிளேக் புகாத வீடு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்துத் தெரு அகலத்தையும் வீட்டுக்கு வீடு விட வேண்டிய இடைவெளியையும் வகுத்தார்கள். கொரோனா நாட்களில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோமே, அப்போது காற்றோட்டம் காற்றோட்டம் என்று டாக்டர்கள் சொன்னதை 100 வருஷத்துக்கு முன்னாலேயே செங்கல்லில் எழுதி வைத்த பேட்டை அது. அந்தக் காலத்து வீடுகளில் எத்தனை மிச்சம் இருக்கின்றன, எந்தெந்தத் தெருவில், யாரிடமாவது கணக்கு இருக்கிறதா? இன்டாக் போன்ற அமைப்புகள் பாரம்பரியக் கட்டடங்களைப் பதிவு செய்து வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மர்ஃபி டவுனிலும் காக்ஸ் டவுனிலும் இருக்கும் ஒற்றை ஜன்னல் வீட்டு வாசலுக்கு அவர்கள் எப்போது வந்து சேர்வார்கள்?

அல்சூரில் லிடோ தியேட்டர் மால் ஆனது. எம்.ஜி. ரோடு பிளாசா இருந்த இடத்தில் மெட்ரோ. அவை பெரியவை என்பதால் பத்திரிகையில் வந்தது, நாமும் உச்சுக் கொட்டினோம். என் தெருவில் மட்டும் மங்களூர் ஓடு போட்ட வீடுகள் ஒன்று ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வாசலில் மரச்சட்டம் கூம்பாக இறங்கும் மங்கி டாப் ஜன்னல், கால் வைத்தால் குளுகுளுவென்று இருக்கும் சிவப்பு ஆக்ஸைடு தரை, முகப்பில் சாந்தில் எழுதின ஆண்டு. ஜே.சி.பி. வந்தால் ஒரு காலை நேரம் போதும். மறுநாள் பச்சைத் துணி கட்டிவிடுவார்கள், அதன் பிறகு அங்கே என்ன இருந்தது என்று எதிர்வீட்டுக்காரருக்கே நினைவில்லை.

இடிப்பவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. தாத்தா கட்டின வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள், பதினாறு பேரப்பிள்ளைகள். பாகம் பிரிக்க வேண்டுமென்றால் வீட்டை வெட்டிக் கொடுக்க முடியாது. விற்றுக் காசாகத்தான் பிரிக்க முடியும். பில்டரிடம் கொடுத்தால் ஆளுக்கு ஒரு பிளாட் கிடைக்கும். நானும் என் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விட்டிருக்கிறேன். அந்த வாடகையில்தான் மருந்து மாத்திரை. வயிற்றுப் பிழைப்பைப் பட்டியல் போட்டுத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இடிப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுக்கலாம். யார் கட்டியது, எப்போது, யார் யார் இருந்தார்கள் என்று அரைப் பக்கம் எழுதி வைக்கலாம். அதற்குச் சட்டம் வேண்டாம், மாநகராட்சியின் தயவு வேண்டாம், பணமும் வேண்டாம்.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991இலிருந்து துணி மூடி நின்றது. 2009இல்தான் திறந்தார்கள். 18 வருஷம் அதற்காகப் பேசினோம், எழுதினோம், காத்திருந்தோம். தவறில்லை. அந்தப் பொறுமையில் ஒரு பங்கை நம் சொந்தத் தெருவுக்கும் ஒதுக்கலாம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஞாயிறு இணைப்பில் அரைப் பத்தி இடம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு கட்டடம் போதும். கோயிலும் சர்ச்சும் தர்காவும் வேண்டாம், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். வீடு, மாவு மில், சலூன், பேக்கரி, டியூஷன் நடந்த திண்ணை, குழாயடி, ரேஷன் கடை, பழைய பள்ளிக்கூடக் கழிப்பறையானாலும் சரி. தெருவின் பெயர், கட்டின வருஷம், கட்டினவர், மேஸ்திரி எந்த ஊரிலிருந்து வந்தார், கூரை என்ன, தரை என்ன, இப்போது என்ன நடக்கிறது. படம் ஒன்று. குடியிருப்பவர் சம்மதித்தால் மட்டும் பெயர். சம்மதிக்காவிட்டால் கதவு எண்கூட வேண்டாம், தெருப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். சொத்துத் தகராறு உள்ள வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைக் கிளறாமல் எழுத வேண்டும். இதை நீங்கள்தான் கறாராகப் பார்க்க வேண்டும். வந்த கடிதங்களை எல்லாம் சேர்த்துப் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு கோப்பாக வைக்கக் கேட்டுப்பார்க்கலாம்.

முதல் பதிவை நானே அனுப்புகிறேன். எங்கள் தெருமுனை மாவு மில். மங்களூர் ஓடு, கதவுக்குப் பதில் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கும் பலகைகள், உள்ளே பெல்ட் போட்டு ஓடும் இரண்டு அரவை இயந்திரம், சுவரெல்லாம் மாவு படிந்து மூலை எது என்று தெரியாது. மிளகாய் அரைக்கிற நேரத்தில் பஸ் ஸ்டாப் வரைக்கும் தும்முவார்கள். மில்காரரிடம் கேட்டுவிட்டேன். படம் எடுக்கச் சம்மதம்; பெயர் போடக்கூடாது என்கிறார், ஆனால் தன் அப்பா எந்த வருஷம் வாங்கினார் என்ற பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்ததும் அனுப்புகிறேன். தபாலில் அனுப்ப வேண்டிய முகவரியை அடுத்த ஞாயிறு இதழில் போட்டுவிடுங்கள். என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் இன்னமும் இன்லண்ட் லெட்டரில்தான் எழுதுகிறோம்.

இப்படிக்கு,
ஐ.டி.ஐ.யில் ஓய்வு பெற்ற ஒரு வாசகி,
காக்ஸ் டவுன், பெங்களூரு.